தலைவர் யார் என்று கேட்டார்கள்

கிளியனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்கு நான் தலைவராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி என்பதால் என் பெயரில் நின்றோம். ஜெயித்ததும் ஊர் மாலையை என் வீட்டுக்காரருக்குத்தான் போட்டது. கூட்டங்களுக்கு அவர் போவார். நான் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அது தப்பென்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

அந்த ஆடியில் விழுப்புரத்தில் பெண் தலைவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். நேரில் வந்தே ஆகவேண்டும் என்று கடிதம். வகுப்பெடுத்த அம்மா முதல் கேள்வியை என்னிடம்தான் கேட்டார்.

"உங்க ஊர்ல தலைவர் யாருங்க?"

"எங்க வூட்டுக்காரருங்க."

கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான் என்று சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஓட்டுப் போட்டு ஜனங்க உங்ககிட்ட குடுத்த அதிகாரம் அது. இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்க சட்டத்துல எடமில்ல. கிராம சபையில ஓட்டு இருக்கற யார் கேட்டாலும் பதில் சொல்லவேண்டியது நீங்கதான்."

திரும்பும்போது திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து ஊர்த் தலைவியும் நானும், அடுத்த கூட்டத்தில் வீட்டுக்காரரைத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுப்ப ஒத்திகை பார்த்தோம். "ஏந்திரிங்க, அது என் சீட்டு!" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். கண்டக்டர் வேகமாக வந்தார்.

"யாரும்மா உங்க சீட்ல குந்திக்கினு இருக்கறது?"

எங்களுக்குச் சிரிப்பு அடங்க பஸ் இரண்டு ஊர் தாண்டவேண்டியிருந்தது.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. நான் போவதற்குள் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் ஏந்திரிங்க. நான் உக்காரணும்."

அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே விரித்திருந்த ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

வரவு செலவை நானே வாசித்தேன். நாக்கு இரண்டு இடத்தில் குழறியது. "யாருக்காவது கேள்வி இருக்குதா?" என்றேன். முதலில் எழுந்தவர் என் வீட்டுக்காரர்.

"தலைவர் அம்மா, ஏரிக்கால்வா தூந்துபோய்க் கெடக்குது. எப்பத் தூர் வாருவீங்க?"

"ரெண்டு வருசமா நீதான்யா அந்த நாற்காலியில குந்திக்கினு இருந்த!" என்றார் ஒரு பெரியவர். மைதானமே அதிர்ந்தது. என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார்.

"கேள்வி நல்ல கேள்விதான், தீர்மானத்துல எழுதிக்கலாம்," என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அவரும்தான்.

ஐப்பசி மழைக்குள் கால்வாயைத் தூர் வாரி முடித்தோம். முதல் தண்ணீர் வந்த காலையில் அவர்தான் ஓடிவந்து கூப்பிட்டார். சேற்றில் கால் புதைய இருவரும் கரையோரமாக ஏரி வரைக்கும் நடந்தோம்.