அக்னித் தலத்தில் ஏசி

செங்கம் சாலையில் நான் வண்டி ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றை அதன் டிரைவர் கொண்டுவந்தார். நெற்றி நிறைய விபூதி. பேச்சுக்குப் பேச்சு அண்ணாமலையைப் பார்த்துக் கும்பிடுவார்.

"ஏசியில சூடாத்தான் காத்து வருதுங்க. இது அக்னி ஸ்தலம், இங்க எந்த ஏசியும் குளிராதுன்னு இந்த வண்டியில ஊர் சுத்துற வெள்ளைக்காரங்ககிட்ட சொல்லிவெச்சிருக்கேன். பொய்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

குழாய் இணைப்பில் கேஸ் கசிந்துகொண்டிருந்தது. தேய்ந்த ரப்பர் வளையத்தை மாற்றி, கேஸ் நிரப்பினேன். டேஷ்போர்டிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது.

"இப்ப என்னன்னு சொல்வீங்க?"

"கிரிவலம் போய் வேண்டிக்கிட்டேன்னு சொல்றேன்."

டீக்கடையில் காத்திருந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் அப்படியே சொன்னார். இருவரும் அவர் காலில் விழுந்தார்கள். அவரும் கூச்சப்படாமல் ஆசீர்வதித்தார்.

பிறகு என்னிடம் வந்து, "அண்ணாமலையார் சக்தியப் பாத்தீங்களா?" என்றார். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. கை முழுக்க கிரீஸோடு நின்ற எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.