இரண்டாந்தரக் காடு

காலை ஏழு பத்து. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலை விட்டு இறங்கித் தேநீர்க் கடைக்கு நடந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் எண். நடைபாதை மழைமரத்தில் விரல் நீள அலுமினியத் தகடு, அதில் நான்கு இலக்கங்கள். யாரோ தெரு மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். படமெடுத்து வாசுகிக்கு அனுப்பினேன். தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. "ஆணிய முழுசா அடிச்சிட்டான். மரம் பருக்கும்ல? தகடு எங்க போகும்?"

வணக்கம் இல்லை, நலமா என்ற கேள்வி இல்லை. வேலைக் காலம் முழுவதும் மரங்களை அளந்தவளிடம் வேறு எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

அந்தத் தகட்டைப் பார்த்ததும் எனக்குப் புகையிலை வாசனை வந்தது. நீங்கள் சிரிக்கலாம். வாசுகியின் பையில் எண் தகடுகளும் புகையிலையும் ஒன்றாகவே கிடக்கும். காட்டில் காலைக் கவ்வும் அட்டைப்பூச்சிகளை விரட்டத்தான் புகையிலை. ஈரக் கித்தான், நசுங்கிய புகையிலை, அலுமினியம். தாவரச் சூழலியல் என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது அந்தப் பைதான்.

நாங்கள் இருவரும் கிள்ளானில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் தாவரவியல் படிக்கப் போனாள். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் சேர்ந்தேன். கீழே வாகன உதிரிபாகக் கடை, மேலே நாங்கள். உலக நடப்பு அனைத்தையும் எஞ்சின் எண்ணெய் வாசனையோடு எழுதினோம். ஆய்வுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது அவளுடன் படித்தவர்கள் பகாங்கின் பெருங்காடுகளுக்கு ஜீப்பில் போனார்கள். வாசுகி பூச்சோங்கிற்குப் பஸ்ஸில் போனாள். அங்கே, அவள் அம்மா குடியேறியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால், ஒரு சரிவும் அதன் கீழே ஓர் ஓடைப் பள்ளமுமாக ஒரு துண்டுக் காடு இருந்தது. முன்பு வெட்டப்பட்டு, பிறகு யாரும் கவனிக்காமல் தானாக முளைத்து வளர்ந்த காடு.

"ஏன் இந்தக் காடு?" என்று கேட்டேன். ஆழமான விளக்கத்தை எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்தேன்.

"பஸ் இருக்கு லா," என்றாள்.

ஒருமுறை அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க என்னையும் அழைத்துப் போனாள். மணிக்கட்டுக்கு மேல் பருத்த எல்லா மரத்துக்கும் ஒரு தகடு. தகட்டை அடிக்கும்போது ஆணியின் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுவாள், மரம் பருக்க இடம் வேண்டுமாம். ஆண்டுதோறும் அதே மரத்தை அதே உயரத்தில் அளக்க வேண்டும். அந்த உயரத்துக்கு மார்பளவு என்று பெயர்.

"யாரு மார்பு?"

"எவனோ ஒரு வெள்ளைக்காரன் மார்பு. எனக்கு அது கழுத்து."

அதனால் ஒரு குச்சியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். அன்று நான் பிடித்த நாடாவைவிட என்னைப் பிடித்த அட்டைகளே அதிகம்.

அவள் அம்மாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பால் வெட்டியவர். அவர் அகராதியில் காடு என்றால் பால்மரக் காடு, இருட்டோடு எழுந்து வாளியோடு போகும் இடம். மகள் காலையில் பையை மாட்டிக்கொண்டு "காட்டுக்குப் போறேன்மா" என்றால் அம்மாவின் முகம் மாறும்.

"நாங்க வயித்துக்குப் போனோம். நீ யுனிவர்சிட்டி முடிச்சிட்டுப் போறே. கொசுவுக்கு அது தெரியுமா?"

ஆனாலும் டாக்டர் பட்டம் வந்ததும் அடுக்குமாடி முழுக்கச் சொன்னது அவர்தான். மறுவாரம் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் வாடிப்போன கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

பிறகு அந்தக் காட்டுக்கு வீடமைப்புத் திட்டம் வந்தது. சுற்றிலும் குடியிருப்போர் ஆட்சேபித்தால் மறுபரிசீலனை உண்டு, இல்லையென்றால் எல்லாம் போகும். பள்ளமும் சரிவும் தகடு அடித்த மரங்களும், அவள் ஆண்டுக்கணக்கில் அளந்ததும். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். அதற்கு முன் ஒரு செய்தி வந்தால் நல்லது என்று வாசுகி காட்டிலிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

நான் எழுதினேன். 'மறுவளர்ச்சிக் காடு' என்று போட்டேன். செய்தி ஆசிரியர் ராகவன் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மறுவளர்ச்சியா? யாருக்குய்யா புரியும்? இங்கிலீஷ்ல என்ன?"

"செகண்டரி ஃபாரஸ்ட், அண்ணே."

"செகண்டரி ஸ்கூல் இடைநிலைப்பள்ளி. அப்ப இது இடைநிலைக் காடு."

"எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போகுதா?" என்றாள் வாசுகி.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கீழே பார்த்தார். அவருடைய செருப்பு வாருக்கும் கால்விரலுக்கும் நடுவில் ஓர் அட்டை கொழுத்துக்கொண்டிருந்தது. நாற்காலி சாய்ந்தது.

"பயப்படாதீங்க அண்ணே, நிறைஞ்சா தானா விழுந்துடும்," என்றாள் வாசுகி, பையில் புகையிலையைத் தேடியபடி.

"முதல்ல இவங்கள வெளிய கூட்டிட்டுப் போ," என்றார் அவர் என்னிடம்.

ஞாயிறு காலை மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. ராகவன் அண்ணன் வைத்த தலைப்பு: 'பூச்சோங்கில் இரண்டாந்தரக் காட்டுக்கு ஆபத்து'. ஏழரை மணிக்கு வாசுகி போன் செய்தாள்.

"ரிப்போர்ட்டர், என் காட்டுக்கு மார்க் வந்திருக்கு போல. பி-யா, சி-யா?"

கூட்டம் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் நடந்தது. நான் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். வாசுகி வரைபடத்தை மாட்டி, சிவப்புக் கோட்டுக் குச்சியால் காட்டி, முதலில் எந்த மரம் வரும், அதன் நிழலில் அடுத்து எது வரும் என்று விளக்கினாள். பின்வரிசையில் பக்கோடாப் பொட்டலம் பிரிந்தது. லோரி ஓட்டும் மணியம், எங்கள் நாளிதழைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தவர், எழுந்தார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர்லயே போட்டாச்சு லா, ரெண்டாந்தரம்னு. நல்ல காடா இருந்தா சண்ட போடலாம். வீடு கட்டுறவன் கார் நிறுத்த எடம் தர்றேங்கிறான். ராத்திரி நான் பார்க்கிங் தேடுற கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

பலர் தலையாட்டினார்கள். வாசுகி குச்சியைக் கீழே வைத்தாள். அவள் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து வாசுகியின் அம்மா திரும்பினார். எழுந்துகூட நிற்கவில்லை.

"மணியம், நீயும் தோட்டத்துல பொறந்தவன்தானே? ஒங்கப்பா வெட்டுற மரத்துல பட்ட தீந்து போனா, மரத்த உடனே சாய்ச்சாங்களா?"

"இல்ல ஆன்டி. பட்ட திரும்ப வளரும்."

"வளந்தா?"

"அதுல திரும்ப வெட்டுவாங்க."

"பால் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அத ரெண்டாந்தரப் பால்னு எவனாச்சும் கீழ ஊத்துனானா?"

கூட்டம் சிரித்தது. மணியமும் சிரித்தார். "ஆன்டி, நீங்க லாயருக்குப் படிச்சிருக்கணும்."

"எனக்கும் காடு பிடிக்காதுப்பா. கொசு. ஆனா பேப்பர்காரன் சொல்றான்னு அத விட்டுக் குடுக்க மாட்டேன்," என்று என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுப்பதில் மும்முரமானேன்.

ஆட்சேபத்துக்குக் கைகள் உயர்ந்தன. மணியத்தின் கை கடைசியாக, பாதி வரை.

சரிவு தப்பியது. ஓடைப் பள்ளத்தில் வீடுகள் எழுந்தன. வாசுகியின் மரங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. மணியத்துக்குப் பார்க்கிங் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் இப்படிப்பட்ட மிச்சங்களைத் தேடியே போனாள். தண்டவாளத்தை ஒட்டிய காடு, மின்கம்பிகளுக்குக் கீழே உள்ள காடு, கிள்ளான் ஆற்றுமுகத்தில் தொழிற்சாலை மதிலுக்கு வெளியே நிற்கும் அலையாத்தி மரங்கள். வெட்டிய பிறகு எது திரும்பி வருகிறது, எது வருவதேயில்லை என்பதுதான் அவளுடைய கேள்வி. இத்தகைய இடங்களைக் காக்க வேண்டும் என்று அவள் பேசாத கூட்டம் இல்லை. தமிழில் பேசும்போது 'மறுபட்டைக் காடு' என்பாள். இது யார் உருவாக்கிய கலைச்சொல் என்று ஒரு விரிவுரையாளர் கேட்டாராம். "பூச்சோங்ல ஒரு நிபுணர். கொசு பிடிக்காது," என்றாளாம்.

எங்கள் நாளிதழ் அந்தச் சொல்லை ஒருமுறையும் அச்சிடவில்லை. இப்போது நாளிதழே இல்லை. ராகவன் அண்ணன் இல்லை. அட்டைக் கதையைக் கடைசிவரை பாம்புக் கதையாகச் சொல்லிவந்தார். உதிரிபாகக் கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அம்மாவும் போய்விட்டார். முன்பு அவர் வீட்டுச் சன்னலிலிருந்து ஓடைப் பள்ளம் தெரியும். இப்போது எதிர் மாடியின் குளிரூட்டிப் பெட்டிகள் தெரிகின்றன.

போன மாதம் வாசுகி சரிவுக்குப் போனாள். பணி ஓய்வுக்கு முன் கடைசி அளவு. நாடாவின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். சிவப்புக் கோட்டுக் குச்சி அதே குச்சி. அவள் முதன்முதலில் தகடு அடித்த மெடாங் மரத்தை என் கைகளால் கட்டிப்பிடிக்க முடியவில்லை. இடம் விட்டு அடித்த ஆணியும் உள்ளே போயிருந்தது. தகட்டைப் பட்டை மூடிவிட்டது. எண் தெரியவில்லை.