போட்டால் குளிராது, போடாவிட்டால் குளிரும்

மலர்விழி ஏசி மெக்கானிக். கள்ளக்குறிச்சியில் காசிநாதன் என்பவர் நடத்தும் சர்வீஸ் கடையில் வேலை. சொந்த ஊர் களமருதூர். அப்பா சின்னதுரையும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தாவது முடித்ததும் நர்சிங் படி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் ஐடிஐ-யில் குளிர்சாதனப் பிரிவில் சேர்ந்தாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அந்தப் பிரிவில்தான் இடம் காலியாக இருந்தது. சேர்ந்த பிறகு பிடித்துப்போய்விட்டது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, ரூமுக்குள் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான் என்று ஆசிரியர் சொன்ன அன்று, வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். "அதுக்கு இன்னா இப்போ?" என்று கேட்டுவிட்டு அம்மா உலையில் அரிசியைப் போட்டாள்.

சில வருடங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டும் அஜித்தைக் கல்யாணம் செய்துகொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். போகிற வீடுகளில் அவளைப் பார்த்து, "மெக்கானிக் எப்போ வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைச் சுவரில் சாய்ப்பாள்.

போன கோடையில் ஒருநாள் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் ஒரு புதுவீட்டுக்குக் காசிநாதன் அவளை அனுப்பினார். கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மொட்டை மாடியில் ஒரே ஒரு பெரிய வெளி யூனிட், அதிலிருந்து நாலு ரூமுக்கும் குழாய் போகிற ஏற்பாடு. மாடி படுக்கையறையில் ஏசி போட்டால் கொஞ்ச நேரத்தில் அதன் முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னும், பிறகு நின்றுவிடும். கேஸ் கம்மி என்பதற்கான கோளாறுக் குறி அது.

"ரெண்டு பேரு வந்து பாத்துட்டாங்க. ரெண்டு பேரும் கேஸ் ஏத்திட்டுப் போனாங்க. மறுபடியும் அதே நம்பர்தான் வருது" என்றாள் அந்த வீட்டு மருமகள் ராதிகா. சலித்துப்போன குரல். அவள் கணவன் இளஞ்செழியன் வேலையாகச் சேலம் போயிருந்தான்.

மலர்விழி மாடியில் மீட்டரை மாட்டிப் பார்த்தாள். கேஸ் கம்மி இல்லை, ஜாஸ்தியாகவே இருந்தது. ரூமுக்குள் யூனிட்டைத் திறந்து சூடு அறியும் சென்சாரைச் சோதித்தாள். அதுவும் சரியாக இருந்தது. ஆனால் காற்று வெறும் காற்றாகத்தான் வந்தது. நாலு ரூமையும் சேர்த்துப் போடச் சொன்னாள். உடனே எல்லா ரூமிலும் ஜில்லென்று காற்று. குறியும் மறைந்துவிட்டது. மற்றதை அணைத்து மாடி ரூமை மட்டும் ஓடவிட்டால் மறுபடியும் அதே குறி. தனியாக ஓடாதது கூட்டத்தோடு மட்டும் ஏன் ஓடுகிறது? மொட்டை மாடி வெயிலில் நின்று யோசித்தாள். எதிரே கல்வராயன் மலை மேல் மேகம் இல்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று கீழே இறங்கினாள்.

கீழ் ரூமில் ராதிகாவின் மாமனார் தங்கதுரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏசிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஏசி ஓடவில்லை.

"எந்த ஊரும்மா நீ?"

"களமருதூருங்க. சின்னதுரை பொண்ணு. அறுப்பு வேலைக்குப் போவாரு அப்பா." எப்படியும் அடுத்துக் கேட்கப்போகிறவற்றுக்கும் சேர்த்து அவள் பதில் சொல்லிவிடுவாள். பிறகு வாளியைக் காட்டினாள். "இது இன்னாங்க ஐயா, தண்ணி?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் போடலம்மா. போடாமலே குளிருது, தண்ணி கொட்டுது. நான் போட்டேன்னா குளிரவே மாட்டேங்குது. சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க."

மலர்விழி பதில் சொல்வதற்குள் ராதிகா அவளைச் சமையலறைக்கு அழைத்தாள்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. அத்தை தவறிப்போனதுலேர்ந்து மாமா இப்படித்தான். அவரே போட்டுட்டு மறந்துட்றாரு. ரிமோட்டை எடுத்து ஒளிச்சு வெச்சோம், அப்பவும் தண்ணி கொட்டிக்கினுதான் இருந்துச்சு. வேற எப்படியோ போட்றாரு போல. போட்டா குளிராதாம், போடலன்னா குளிருமாம், கேட்டியா? திங்கக்கிழமை பாண்டிச்சேரில பெரிய டாக்டருகிட்ட இட்டுக்கினு போறோம். மாமாகிட்டேர்ந்து வண்டி சாவியக்கூட வாங்கி வெச்சுட்டாரு எங்க வூட்டுக்காரரு." சொல்லும்போதே ராதிகாவின் கண் கலங்கியது. அவளுக்கு மாமனார் மேல் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

ராதிகா தந்த தண்ணீர் தம்ளரை மலர்விழி கையில் வைத்தபடியே நின்றாள். போட்டால் குளிராது, போடாவிட்டால் குளிரும். புத்தி தடுமாறியவர் இவ்வளவு ஒழுங்காக உளறுவாரா?

தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுக் கீழ் ரூமுக்குத் திரும்பினாள். ஏணி போட்டு யூனிட்டின் முன்மூடியைத் தூக்கி உள்ளே விரலை வைத்தாள். தகடுகளில் பனி பிடித்திருந்தது. சற்றுமுன் மாடியில் ஓடவிட்ட ஏசியின் குளிர் இங்கே இருந்தது.

"ஐயா, எந்நேரம் தண்ணி கொட்டும்?"

"மத்தியானம். ராதிகா மேல போயி கொஞ்ச நேரம் படுக்கும். அப்போ."

"மேல யாரும் இல்லன்னா?"

அவர் யோசித்தார். "இல்லன்னா கொட்டாது" என்றார் மெதுவாக. அவருக்கே அது புதிதாகத் தெரிந்ததுபோல இருந்தது.

மலர்விழி மொட்டை மாடிக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளி யூனிட்டின் பக்க மூடியைக் கழற்றினாள். நாலு ரூமிலிருந்தும் வருகிற ஒயர்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொரு ஒயரும் எந்த ரூமுக்குப் போகிறது, அதற்குப் பக்கத்திலிருக்கும் குழாய் எந்த ரூமுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தாள். மாடி ரூமின் ஒயரும் கீழ் ரூமின் ஒயரும் இடம் மாறிக் கிடந்தன. மாடி ரூம் குளிர் கேட்டால் வெளி யூனிட் அதைக் கீழ் ரூமுக்கு அனுப்பும். அங்கே விசிறி ஓடாததால் குளிர் தகட்டிலேயே தங்கிப் பனியாகி, உருகி, தண்ணீர் பிடிக்கும் தட்டுக்கு வெளியே சொட்டும். மாடி யூனிட்டோ, கேட்டது வரவில்லையே, கேஸ் கம்மிதான் என்று முடிவுகட்டிக் குறியைக் காட்டும். புதுவீட்டில் குடிபுகுந்த அன்று எல்லா ரூமிலும் ஏசி ஓடியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் யாருக்கும் குறை தெரியாது.

ஒயர்களை மாற்றி மாட்டினாள். ஒவ்வொரு ரூமாகத் தனித்தனியே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்தாள். ராதிகாவுக்கு நடந்ததை விளக்கியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் சேர்ந்தே கீழ் ரூமுக்குப் போனார்கள்.

"ஐயா, நீங்க சொன்னது சரிங்க. ஒயரு மாறிக் கெடந்துச்சு. மேல போட்டா உங்களுக்குக் குளிரும். நீங்க போட்டா மேல குளிரும்."

தங்கதுரை அவளையே பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று மலர்விழி நினைத்திருந்தாள். அவர் முகத்தில் அது வரவில்லை.

"அப்போ நான் போடலியா?"

"போடலங்க."

"நெஜமாவா? நானே போட்டுட்டு மறந்துட்றேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "மொதல்ல சண்டை போட்டேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கரும்புக்குத் தண்ணி கட்டப் போவேன். மோட்டாரை நிறுத்தினோமா இல்லியான்னு பாதி வழில நின்னு நின்னு திரும்புவேன். அப்புறம் போறதையே வுட்டுட்டேன்."

ராதிகா வாளியை எடுத்து வெளியே கொட்டினாள். திரும்பி வந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, "மாமா, நாங்க பயந்துட்டோம் மாமா" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்த ராதிகா கேட்டாள்: "அப்போ டாக்டருகிட்ட போகத் தேவையில்லியா?"

"அது எனக்குத் தெரியாதுங்க அக்கா. ஏசி பத்தித்தான் என்னால சொல்ல முடியும். கேஸு ஜாஸ்தியா இருக்குது, நாளைக்கு வந்து அளவாக்கித் தர்றேன்."

மறுநாள் போனபோது இளஞ்செழியன் வந்திருந்தான். அவளிடம் அதிகம் பேசவில்லை. வேலை முடியும்வரை மொட்டை மாடியிலேயே நின்று, அவள் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூடியை மாட்டும்போது மட்டும், "நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு. எனக்குத் தோணியிருக்கணும்" என்றான். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்? மெசினே தப்பாத்தானே சொல்லிச்சு" என்றாள் மலர்விழி.

டாக்டரிடம் போகத்தான் செய்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, மனைவி போன துக்கம், தூக்கம் சரியில்லை, காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னாராம். காதுக்குக் கருவி வாங்கினார்கள். வண்டிச் சாவி தங்கதுரையிடமே திரும்பிவந்தது. இதெல்லாம் ராதிகா போனில் சொன்னது.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்திருந்த ஒருநாள், வெள்ளிமலையில் ஒரு கடையின் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு மலர்விழி மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தாள். வளைவுகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. தங்கதுரையிடமிருந்து போன்.

"தமிழ்மொழி, வூட்டுப் பக்கம் வந்தா வந்துட்டுப் போம்மா. மழை வுட்டதும் கரும்பு வெட்டு ஆரம்பிக்குது."

"ஐயா, என் பேரு மலர்விழிங்க."

 மறுமுனையில் அவர் சத்தமாகச் சிரித்தார்.

"மறந்துட்டேம்மா. இது மட்டும் நெஜமா நான்தான் மறந்தேன்."

அவளும் சிரித்துவிட்டாள். முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது.