ராத்தாவின் மதில் மூலை

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். படித்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைதான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்முனையும் சாய்ந்தமருதும் எங்கே பிரிகின்றன என்று இப்போது வெளியூர்க்காரருக்குச் சொல்ல முடியாது. மெயின் ரோட்டில் கடைக்கு மேல் கடை. உள்ளே வீட்டோடு வீடு. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். உம்மாவின் ஒரே வளவில் எனக்கும் என் மூத்த சகோதரியான ராத்தாவுக்கும் வீடு வந்தது. பிறகு என் மகளுக்கும் வந்தது. ஒவ்வொரு வீடு எழும்பும்போதும் ஒழுங்கை ஒடுங்கியது. சைக்கிள் போனால் போதும் என்றிருந்த காலத்துப் பாதை அது.

மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியது. பிரஷர் இருப்பதால் நடக்கவே கூடாது என்றார் டொக்டர். ஓட்டோக்காரத் தம்பி வந்து பார்த்துவிட்டு என்னிடம் கையை விரித்தார்.

"கண்ணாடிய மடிச்சாலும் வராது ராத்தா. அந்த மூலைதான் இடிக்கிது. புள்ளய ரோட்டுக்குக் கொண்டு வாங்க."

அந்த மூலை என் ராத்தாவின் மதில். போன வருடம்தான் கட்டி, பச்சை நிறம் பூசியிருந்தார். எப்படிக் கேட்பது? போகும்போதும் வரும்போதும் மதிலைப் பார்த்துக்கொண்டு சும்மா வந்துவிடுவேன். ஒருநாள் ராத்தாவே கேற்றடியில் மறித்தார்.

"என்ன கா, என்ட மதில்ல படமா ஓடுது? நெடுகப் பாக்குறாய்."

"ஒண்டுமில்ல ராத்தா. ஓட்டோ..."

"ஒண்டுமில்லண்டா ஓட்டோ எங்கரிந்து வந்த?"

சொன்னேன். ராத்தா மூலையை ஒரு தரம் பார்த்தார்.

"இத உடைச்சா வருமா?"

"ஓம். ஆனா புது மதிலெலுவா..."

"மதிலா புள்ள பெறப்போகுது? வாய் இரிக்கிதெலுவா உனக்கு, கேட்டா என்ன?"

அஸர் தொழுதுவிட்டு வந்த தன் கணவரான மச்சானின் கையில் ராத்தா அலவாங்கைக் கொடுத்தார். மச்சான் இடித்துக்கொண்டே கேட்டார்:

"பொறக்கிறது பொம்புளப்புள்ளண்டா அதுக்கு எங்க வீடு கட்டுற?"

"மேல கட்டுவம். மானத்துல ஆரும் ஒழுங்கை கேக்கமாட்டாங்க," என்றார் ராத்தா.

கல்லை அள்ளி முடித்ததும் ஓட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஓட்டோ மெல்ல மெல்ல உள்ளே வந்து மகளின் வாசலில் நின்றது. கதிரையில் இருந்தபடியே மகள் சிரித்தாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மறுநாள் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே ஏறினாள்.