ஐந்தே முக்காலுக்கு வரும் வாசனை

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வனஜாவும் ஜலஜாவும் இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அக்கா வனஜா பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள். தங்கை ஜலஜா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "எங்களுக்கு நேரமே இல்லாம போயிடுத்து" என்று வனஜா சிரிப்பாள். சமையல் ஜலஜாவுடையது. காபி மட்டும் வனஜாவின் பொறுப்பு. சமையல் மேடை விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு மெஷினில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்குக் கொட்டை அரைப்பாள். அந்தச் சத்தத்தில்தான் ஜலஜா கண் விழிப்பாள்.

2021 மே மாதம் இருவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காலை வனஜா சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் மெஷினில் கொட்டையைப் போட்டாள். கைப்பிடி நாலைந்து சுற்றுகூடச் சுற்றியிருக்காது.

"அக்கா, அதை நிறுத்தேன். தலை வெடிக்கறது" என்று படுக்கையிலிருந்து கத்தினாள் ஜலஜா.

"ஒரே ஒரு வாய் காபிடி. நாக்கெல்லாம் கசந்துண்டு கிடக்கு."

"அப்புறம் குடிச்சுக்கலாம்."

சத்தம் நின்றது. பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. வனஜா திரும்பி வரவில்லை. கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட ஜலஜாவை விடவில்லை.

காய்ச்சல் போனபோது ஜலஜாவின் மூக்கையும் கொண்டு போய்விட்டது. ஒரு வருடம் எந்த வாசனையும் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் கோணலாக. மல்லிகை ஈரத் துணி போல வீசியது. காபி, எரிந்த டயர் போல. எதிர் வீட்டில் டிகாஷன் இறங்கினால்கூட அவளுக்குக் குமட்டும். காபியை விட்டாள். இரும்பு மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தாள். அதற்குள் அரைபட்ட பாதியும் அரைபடாத பாதியுமாகக் கொட்டை கிடந்தது அவளுக்குத் தெரியும். திறந்து பார்க்காமலே கொடுத்துவிட்டாள்.

வனஜா போய் மூன்றரை வருடம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், அப்போதுதான் அரைத்த காபியின் வாசனையில் ஜலஜா விழித்தாள். டயர் நாற்றம் இல்லை, அசல் வாசனை. மணி ஐந்தே முக்கால். எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. வாசனை சில நொடி நின்று, யாரோ அதட்டியது போலச் சட்டென்று அறுந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். கீழ் வீட்டில் கேட்டாள், மேல் வீட்டில் கேட்டாள். அந்த நேரத்தில் யாரும் எழுந்திருப்பதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலியை ஒரு நாள் சீக்கிரம் வரச் சொல்லிப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"ஒண்ணியும் வரலையேம்மா. சாக்கடை நாத்தந்தான் வருது" என்றாள் பாஞ்சாலி. பிறகு ஜலஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரியம்மாவா?" என்று மெல்லக் கேட்டாள்.

அடையாறில் மூக்கு டாக்டர் ஷ்ரேயா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கெட்டதாக எதுவும் இல்லை. "நரம்பு திரும்ப வளர்றப்போ மூளை இல்லாத வாசனையைக் காட்டும். உங்க மூக்கு சரியாயிட்டு வர்றதாக்கூட இருக்கலாம்" என்றார்.

"தினம் அதே நேரத்துக்கா டாக்டர்?"

"அத்தனை வருஷப் பழக்கம் இல்லையாம்மா?"

பஸ்ஸில் திரும்பும்போது ஜலஜா ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் காபி அரைத்துப் பார்ப்பது. நல்ல வாசனை வந்தால் மூக்கு குணமாகிவிட்டது என்று அர்த்தம். டயர் நாற்றம் வந்தால், காலையில் வருவது வேறு ஏதோ.

தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு பாத்திரக்கடைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போய்க் கிரைண்டர் கேட்டாள். "மாவு கிரைண்டரா மேடம்? ரெண்டு லிட்டரா?" என்றார் விற்பனையாளர் விக்கி. காபிக்கு என்றதும் மிக்ஸி போல பிளேடு வைத்த ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது வெட்டறது. தூள் சூடாயிடும். சூட்டில வாசனை கெட்டா, கெட்டது தூளா என் மூக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

விக்கிக்கு அது புரியவில்லை. ஆனாலும் பொறுமையான மனிதர். "அப்போ பர் கிரைண்டர்தான் மேடம். ரெண்டு பல்சக்கரம், நடுவுல வுட்டு நொறுக்கும். சூடே ஏறாது." கரண்டில் ஓடுவது அவள் பென்ஷனுக்கு எட்டாத விலை. கையால் சுற்றுவதில் இரண்டு இருந்தன. மலிவானதில் பீங்கான் பற்கள், தண்டு ஆடியது. அரைத்த தூளை விக்கி உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்: குருணையும் மாவும் கலந்து கிடந்தது. அடுத்ததில் எஃகுப் பற்கள், தண்டு மேலும் கீழும் பிடிமானத்தோடு ஆடாமல் நின்றது. தூள் ஒரே சீராக விழுந்தது. கைப்பிடியும் நீளம், கட்டைவிரல் மூட்டு வலிக்கு அது தோதாக இருந்தது.

"மாஸ்கைக் கழட்டி வாசனை பாருங்க மேடம், சூப்பரா கீது."

"வேண்டாம். ஆத்துக்குப் போய்ப் பாத்துக்கறேன்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள் ஜலஜா.

மயிலாப்பூரில் வனஜா வழக்கமாக வாங்கும் கடையில் அதே பீபெரி ரகக் கொட்டை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அரைத்தாள். மூடியைத் திறந்து, முகத்தருகே கொண்டு போனாள்.

எரிந்த டயர்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு வாசனை வந்தது. முன்னைவிடத் தெளிவாக. ஜலஜா இருட்டுச் சமையலறையில் நின்றாள். எவ்வளவு நேரம் வருகிறது, எங்கே அறுகிறது என்று அன்றுதான் கவனித்தாள். நாலைந்து சுற்று நேரம். அவ்வளவுதான்.

"நிறுத்தாதே அக்கா" என்றாள். "எனக்குத் தலை வலிக்கலை. அரைச்சு முடி."

வாசனை நின்றுவிட்டது. ஜலஜா புது மெஷினை எடுத்து, கொட்டையைப் போட்டு, மீதியைத் தானே சுற்றினாள். டயர் நாற்றத்தில் கண்ணில் நீர் வழிந்தது. நிறுத்தாமல் கடைசிக் கொட்டைவரை அரைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அங்கே அறுந்ததும் இங்கே தொடங்குவாள். டிகாஷன் போட்டுப் பாஞ்சாலிக்குக் கொடுப்பாள். "நீ குடிக்காத காபிய எனுக்கு எதுக்கும்மா தினம் போட்டுக்கினு கீற?" என்று பாஞ்சாலி கேட்டுவிட்டுக் குடிப்பாள்.

ஆடி மாதம் ஒரு காலை, அரைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. மூடிக்குள்ளிருந்து டயர் நாற்றம் வரவில்லை. லேசாக, நிஜமாக, காபி வாசனை. பாஞ்சாலியிடம் டம்ளரை நீட்டி, "எனக்கு நன்னா மணக்கறதுடி" என்றாள்.

"நல்லதாச்சும்மா! அதுக்கு ஏன் அழுவுற?"

அப்போதுதான் ஜலஜாவுக்கு உறைத்தது. அன்று அரைப்பதற்கு முன்னால் எந்த வாசனையும் வரவில்லை. நேற்று வந்ததா? முந்தாநாள்? நினைவில்லை. கை பழக்கத்தில் தானாகச் சுற்றத் தொடங்கியிருந்தது. கடைசியாக எந்த நாள் வந்தது என்று கவனிக்காமலே விட்டிருந்தாள்.

பாதி டம்ளர் குடித்தாள். நான்கு வருடத்தில் முதல் காபி. நன்றாகவே இருந்தது.

இப்போது ஐந்தே முக்காலுக்கு அவள் மெஷினைத் தொடுவதில்லை. மேடையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். முதல் ரயில் பாலத்தின் மேல் போகும். சாக்கடை வாசனை வரும், பூக்காரி கூடையிலிருந்து மல்லிகை வரும். எல்லாம் சரியாக வரும். ஆறு மணி வரை காத்திருந்துவிட்டு, கொட்டையைப் போட்டு அரைப்பாள்.