முதல் ‘வேண்டாம்’ கணக்கில் வராது

நான்கு மாதத்தில் பொற்கொடி முப்பத்தொரு முறை ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறாள். அதில் மனதாரச் சொன்னது இரண்டுதான்: பனி படர்ந்த ஏரியில் குதிக்கச் சொன்னபோது ஒன்று, உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாயை நீட்டியபோது ஒன்று. மீதி இருபத்தொன்பதும் மரியாதைக்கு. அந்த மரியாதையில் ஆறு கிலோ இளைத்துப்போனாள்.

சிங்காநல்லூர்க்காரி, வயது இருபது. கோவைக் கல்லூரி ஒன்றில் ஜவுளித் தொழில்நுட்பம் படிப்பவள், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆகஸ்டில் பின்லாந்தின் டாம்பரே நகருக்குப் போனாள். அந்த ஊருக்குப் பின்லாந்தின் மான்செஸ்டர் என்று பெயர். கோவைக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர். மான்செஸ்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

சிங்காநல்லூரில் விருந்தாளி வந்தால் நடப்பது இதுதான். “சாப்புடுங்க.” “வேண்டாங்க, இப்பத்தான் சாப்புட்டனுங்க.” “அட, ஒரு வாய் சாப்புடுங்க.” “வவுறு நெறஞ்சிருக்குதுங்க.” “அதெல்லாம் ஆவாதுங்க, உக்காருங்க.” மூன்றாம் முறை கேட்டதும் விருந்தாளி உட்கார்வார், நாலு இட்லி இறங்கும். அப்போதும் உட்காராவிட்டால் ஏதோ பகை என்று அர்த்தம். முதல் முறையே உட்கார்ந்தால் வளர்ப்பு சரியில்லை.

டாம்பரேயில் ஒரே முறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் தட்டை நகர்த்திவிட்டு, அவள் எதிரிலேயே சாப்பிடுவார்கள்.

பசியைத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் பழைய பனியன் துணியைப் பிரித்து மறுபடியும் நூலாக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அவள் அம்மா பழனியாத்தாள் குடோனில் உட்கார்ந்து நிறம் பிரிக்கிற, திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சும் ‘கட்டிங் வேஸ்ட்’ போன்ற துணிதான். நான்கு மாதமாக அந்த இயந்திரத்தை விட்டு நகராமல் நின்றவளிடம், ஆய்வகத் தலைவர் யூஹா, “இன்னும் ஆறு மாதம் இங்கே உதவியாளராக இருக்கிறாயா?” என்று கேட்டார்.

நெஞ்சு குதித்தது. வாய் பழக்கப்படி, “பரவாயில்லை சார், வேண்டாம்” என்றது.

“சரி” என்று சொல்லிவிட்டு யூஹா காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அன்றே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

“வேண்டாம்ன்னு ஏன் அம்மணி சொன்னே?”

“ஒடனே சரின்னா, ஆலாப் பறக்கறான்னு நெனைக்க மாட்டாங்களாம்மா?”

“அவரு மறுக்கா கேக்கலியா?”

“இல்லம்மா. காப்பி குடிக்கப் போயிட்டாரு.”

“என்ன மனுசன் அவன்! ஊட்டுல வளத்தாங்களா, காட்டுல வளத்தாங்களா?” என்றாள் பழனியாத்தாள். “உடு கண்ணு. பொட்டியக் கட்டு.”

பொற்கொடி பெட்டியைக் கட்டவில்லை. மறுநாள் யூஹாவின் அறைக்குப் போய், அந்த வேலை வேண்டும் என்றாள்.

“நீ வேண்டாம் என்றாய். ஆள் தேவையில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இப்போது முடியாது.”

யூஹாவின் ‘முடியாது’வுக்கு முடியாது என்று மட்டுமே அர்த்தம். ஆனால் பொற்கொடி அதைச் சிங்காநல்லூர்த் தராசில் நிறுத்துப் பார்த்தாள். முதல் ‘முடியாது’ கணக்கில் வராது. அடுத்த நாளும் போய் நின்றாள்.

“நேற்றே சொன்னேனே?”

“ஆமாம் சார். அது ஒன்று. இது இரண்டு.”

அவருக்கு விளங்கவில்லை. விருந்தாளி, இட்லி எல்லாவற்றையும் விளக்கினாள். இட்லி விளங்கியது. ‘முடியாது’ அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் கதவைத் தட்டியதும் அவரே கேட்டார்: “இன்று மூன்றா?”

“ஆமாம் சார்.”

“நான்காவது உண்டா?”

“இல்லை சார். நான்காவது முறை கேட்டால் மரியாதை இல்லை.”

“அப்படியானால் இன்றும் முடியாது என்றால்?”

“என் மேல் உங்களுக்கு ஏதோ பகை என்று அர்த்தம்.”

யூஹா தனக்கு யார் மேலும் பகை இல்லை என்று சொல்லிவிட்டு, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பின்னிஷ் மொழியில் நெடுநேரம் ஓடிய அந்தப் பேச்சில் பொற்கொடிக்குப் புரிந்தது தன் பெயரும் ‘இட்லி’யும் மட்டும்தான்.

ஜனவரி ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் வேலையில் சேர்கிறாள்.