ஒரே பஸ்ஸில் ஏறாத இருவர், செஞ்சியில்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட ஒருவரைப் பார்க்கக் கிளம்பினேன். போகிற வழியில் கோட்டை இருந்தது, ஏறினேன், அவ்வளவுதான்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பகலில் சென்னையில் கம்பெனி வேலை. மிச்ச நேரத்தில் 'குட்டிப்படம்' என்றொரு சின்ன மென்பொருள். ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போது போட்டோவை இத்தனை கேபிக்குள், கையெழுத்தை இத்தனை கேபிக்குள் சுருக்கச் சொல்லி உயிரை எடுப்பார்கள் அல்லவா, அந்தச் சுருக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம். இப்படிச் சொல்லி ஏழு வருடம் ஆகிறது, திருத்த வந்தவர் ஒரே ஒருவர்தான், புதுச்சேரி அருள். மற்றவர்கள் எல்லாம் திட்ட வந்தவர்கள். 'வேலை செய்யல' என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் காணாமல் போவார்கள். ஒரு புண்ணியவான் 'காசைத் திருப்பிக் கொடு' என்று எழுதியிருந்தார். இலவசம் சாமி, எதைத் திருப்பிக் கொடுப்பது?

இந்தக் கூட்டத்தில் செஞ்சி பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து வரும் புகார் மட்டும் தனி ரகம். 'போட்டோ கோணையா வருது. நாளைக்கி லாஸ்ட் டேட். சாப்பிட்டீங்களா?' எழுதுபவர் பெயர் செல்வி. இவரை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தது அருள். அருளையே நான் நேரில் பார்த்ததில்லை. நான் உடனே சரி என்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவது எனக்கு அலுத்துவிட்டது. குட்டிப்படத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் விலகுகிறேன் என்று அருளிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட நினைத்தேன்.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி எட்டே காலுக்குத் திண்டிவனத்தில் இறங்கினேன். அருள் டீக்கடை வாசலில் நின்றிருந்தார். குரலை வைத்து நான் கற்பனை செய்திருந்தவருக்குத் தலை நிறைய முடி இருந்தது, இவருக்கு இல்லை. டீ குடித்தோம். செஞ்சி பஸ் வந்தது. நான் ஏறினேன், அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வருகிறாராம்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கிண்டல் உண்டு. எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் உன் மென்பொருள் நின்றுபோகும் என்று கேட்பார்கள். குட்டிப்படத்துக்கு அந்த எண் இரண்டு. ஆகவே நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் போகக்கூடாது என்று அருள் எப்போதோ விளையாட்டாக ஒரு விதி எழுதி வைத்திருந்தார். அந்த மனுஷன் அதை நிஜமாகவே கடைப்பிடிப்பார் என்று நான் கண்டேனா?

கண்டக்டர் ஜன்னல் வழியாக அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, அவுரு ஏறலியா? வூட்ல சண்டையா?" என்றார். அவர் என் வீட்டுக்காரர் இல்லை என்றேன். அதற்கப்புறம் அவர் பார்த்த பார்வை இன்னும் மோசம். இருபத்தெட்டு கிலோமீட்டரும் வேர்க்கடலைக் கொல்லைகளையும் பாறைக் குன்றுகளையும் பார்த்தபடி வந்தேன்.

அருள் அரைமணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். கோட்டைக்கு இரண்டு ஆட்டோ, தலைக்கு நூறு ரூபாய். நுழைவுச்சீட்டு இருபத்தைந்து. ராஜகிரி ஏற்றம் நெடுக அருளின் வாய் ஓயவில்லை. மராட்டியர், நவாப், பிரெஞ்சுக்காரர் என்று வந்தவர்கள் எல்லாம் முன்னால் இருந்தவர் கட்டியதை அழிக்கப் பயந்து பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டியிருக்கிறார்கள், அப்படியே நம் நிரல் மாதிரி என்றார். ஒரு குரங்கு அவர் பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டது. "சும்மா எடுத்துக்கலாம்னு நாமதானே சொன்னோம்" என்று அதற்கும் வக்காலத்து வாங்கினார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம் வரும். அதிலும் என்னை முதலில் அனுப்பிவிட்டு, நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் காலை வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று துக்கமாகவும் இருந்தது.

உச்சியில் நல்ல காற்று. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லியே விட்டேன். அவர் பாட்டிலை வாங்கி மூடிக்கொண்டே, "நானும் அதச் சொல்லத்தாங்க வந்தேன். நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான்" என்றார். புது வேலையில் அவருக்கு நைட் ஷிப்ட், கண்ணே திறக்க முடிவதில்லையாம். ஆளுக்கு ஆள் அடுத்தவர் தலையில் கட்ட மலையேறி வந்திருக்கிறோம்! விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றது. மூடிவிடுவது என்று அங்கேயே முடிவானது. செல்வியிடம் யார் சொல்வது என்பதில்தான் தகராறு.

இரண்டரை மணிக்குக் கடைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், வாசல் வரை கூட்டம். அன்றைக்கும் ஏதோ லாஸ்ட் டேட். செல்விக்கு முப்பது வயதிருக்கும், கொண்டையில் பேனா செருகியிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று அவர் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். சாப்பிடவில்லை என்றோம். பக்கத்து மெஸ்ஸிலிருந்து இரண்டு சாப்பாடு வந்தது.

நாங்கள் சாப்பிடும்போது அவருக்கு ஒரு போன். பக்கத்து ஊர் வல்லத்தில் சென்டர் வைத்திருப்பவராம், குட்டிப்படத்தில் கையெழுத்து கறுப்பாக வருகிறதாம். எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி, 'சாப்டியா' கேட்டு வைத்தார். வைத்ததும் அடுத்த போன். சுற்றுவட்டாரத்துச் சென்டர்கள் எல்லாம் இவரைத்தான் கூப்பிடுகின்றன. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது எனக்கு. எதற்கு இந்த வேலையைச் சும்மா செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் இன்னா, துட்டு வாங்கிக்கினா குடுக்கறீங்க?" என்றார்.

அருள் என்னைப் பார்த்தார். நானே சொன்னேன், இதை நிறுத்தப்போகிறோம் என்று. செல்வியின் முகம் வாடிவிட்டது. வாசலில் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எது முடியலக்கா? அத செய்யறதா, இவுங்களுக்கு பதில் சொல்றதா?" என்று கேட்டார்.

பதில் சொல்வதுதான் என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அத எங்கிட்ட குடுத்துருங்க. நான் தெனமும் சொல்லிக்கினுதான் இருக்கறேன்."

கடைக் கம்ப்யூட்டரிலேயே அருள் அவரைக் குட்டிப்படத்தின் மூன்றாவது ஆளாகச் சேர்த்தார். இனிமேல் புகார் எல்லாம் செல்விக்கு, நிஜமான கோளாறு மட்டும் எங்களுக்கு, மாதம் ஒருநாள் உட்கார்ந்தால் போதும். காசைத் திருப்பிக் கேட்ட புண்ணியவானுக்கு அவர் அங்கேயே, எங்கள் கண்முன்னால், பதில் எழுதினார். கடைசியில் சாப்பிட்டாரா என்றும் கேட்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறும் முன் ராஜகிரியைத் தொடங்குங்கள், ஏறி இறங்க மூன்று மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் போனால் மேலே விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே கடை கிடையாது. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். கையில் வண்டி இருந்தால் மண்டகப்பட்டு குடைவரையையும் பார்த்துவிடுங்கள், எங்களுக்கு நேரமில்லை.

ஐந்து மணிக்குத் திண்டிவனம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. செல்வி கடையை அப்படியே விட்டுவிட்டு வழியனுப்ப வந்திருந்தார். நான் ஏறினேன். அருள் வழக்கம்போலக் கீழேயே நின்றார். ஏன் என்று செல்வி கேட்க, விதியை விளக்கினார். முழுதும் கேட்டுவிட்டு அவர் முதுகில் கை வைத்துப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினார் செல்வி.

"ஏறுங்க சார். நான்தான் இங்க இருக்கறேனே."

அருள் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் காலையில் வந்த அதே ஆள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், வாயெல்லாம் பல்லாக, இரண்டு டிக்கெட் கிழித்தார்.